சிறிய மோட்டார்ஹோம்: தரை இடைவெளியைப் பார்ப்பதா, இழுவைத் திறனைப் பார்ப்பதா?

மலைச்சாரல் (கேள்வி)

வணக்கம். நானும் என் மனைவியும் டென்வரில் வசிக்கிறோம். வரும் இலையுதிர்காலத்தில் யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஆறு வாரம் சுற்றிவர எண்ணி, 25 அடி அளவில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி உள்ள வண்டி) ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பார்த்தவற்றில் மூன்று வண்டிகள் மனத்தில் நிற்கின்றன: ராம் புரோமாஸ்டர் வேனில் அமைந்த வின்னபேகோ டிரவாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டிய வின்னபேகோ வியூ, நான்கு சக்கர இயக்கம் உள்ள ஸ்பிரின்டரில் அமைந்த வின்னபேகோ ரெவல்.

எங்கள் தேவைகள் இரண்டு. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்குக்கு வடக்கிலிருந்து போகும் வழியில் கடைசி 13 மைல் மண்சாலை என்கிறார்கள். அத்தகைய சாலைகளில் அடிப்பாகம் தட்டாமல் போய்வர வேண்டும். அடுத்து, எங்களிடம் உள்ள 2014ஆம் ஆண்டு ஹோண்டா சி.ஆர்.வி. காரை, நான்கு சக்கரமும் தரையில் உருள, பின்னால் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். காரின் எடை ஏறத்தாழ 3,400 பவுண்டு. வியூவைக் காட்டிய விற்பனையாளர், "5,000 பவுண்டு ஹிட்ச் இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்கிறார். (காரைக் கட்ட வண்டியின் பின்னால் உள்ள இரும்பு இணைப்புதான் ஹிட்ச்.) தரை இடைவெளி, அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள உயரம், எவ்வளவு என்று கேட்டால் இரு கைகளையும் விரித்து அளவு காட்டுகிறார். எண்களை எப்படிப் படிப்பது, எதற்கு முன்னுரிமை தருவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

எடைமேடை

வணக்கம் மலைச்சாரல். ஹிட்சின்மேல் பொறித்திருக்கும் எண், அந்த இரும்பு தாங்கும் எடையைச் சொல்கிறதே தவிர, உங்கள் வண்டி இழுக்கக்கூடிய எடையைச் சொல்வதில்லை. இழுவையைத் தீர்மானிப்பது ஜி.சி.டபிள்யூ.ஆர். எனப்படும் வரம்பு. அதாவது, மோட்டார்ஹோமும் பின்னால் வரும் காரும், இரண்டிலும் ஏறிய ஆட்கள், தண்ணீர், டீசல், சாமான்கள் அனைத்தும் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம் என்று சேசிஸ் தயாரிப்பாளர் விதித்த உச்ச அளவு. மோட்டார்ஹோம் மட்டும் தனியே எட்டக்கூடிய உச்ச எடை ஜி.வி.டபிள்யூ.ஆர். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், வண்டியை முழுக்க ஏற்றிய பிறகு பின்னால் கட்டுவதற்கு என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும்.

வியூ வண்டிக்கு ஜி.சி.டபிள்யூ.ஆர். 15,250 பவுண்டு, ஜி.வி.டபிள்யூ.ஆர். 11,030 பவுண்டு, மிச்சம் 4,220. ஹிட்சில் 5,000 என்று எழுதியிருந்தாலும், அந்த 5,000 பவுண்டை இழுக்க வேண்டுமானால் மோட்டார்ஹோமிலிருந்து 780 பவுண்டு சாமானை இறக்கியாக வேண்டும். உங்கள் காருக்கு அந்தச் சிக்கல் இல்லை. காரின் முன்புறம் பொருத்தும் இரும்புத் தகடு, அதை ஹிட்சோடு இணைக்கும் தண்டான டோ பார், பிரேக் கருவி, காருக்குள் நீங்கள் வைக்கப்போகும் நாற்காலிகள் எல்லாம் சேர்ந்தாலும் 3,700 பவுண்டைத் தாண்டாது.

டிரவாட்டோவின் கணக்கு வேறு. சில ஆண்டுகளுக்கு முந்தைய மாடல்களில் ஜி.சி.டபிள்யூ.ஆர். 11,500, ஜி.வி.டபிள்யூ.ஆர். 9,350, மிச்சம் வெறும் 2,150 பவுண்டு. ஹிட்சிலோ 3,500 என்றிருக்கும். உங்கள் காரை அதில் கட்ட வேண்டுமானால் மோட்டார்ஹோம் 7,800 பவுண்டுக்குள் நிற்க வேண்டும். இருவர் ஏறி, தண்ணீர் நிரப்பி, ஆறு வாரச் சாமான் வைத்த பிறகு அது நடக்காது. தண்ணீர் ஒரு காலனுக்கு எட்டே கால் பவுண்டுக்கு மேல் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் டென்வர்க்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூட்டாவுக்கு ஐ-70 வழியாகப் போனால் சுமார் 11,000 அடி உயரத்தில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்தாக வேண்டும். புரோமாஸ்டரின் 3.6 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் டர்போ கிடையாது. ஆயிரம் அடி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தி குறையும் என்று கணக்கிட்டால், சுரங்க வாயிலுக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இருப்பதால் வியூவின் டீசல் என்ஜின் இந்த உயரத்தில் அவ்வளவு திணறாது. இறக்கத்தில் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே கதைதான்: மோட்டார்ஹோமின் பிரேக்குகள் அதன் சொந்த எடைக்கு அமைந்தவை, ஆகவே காரின் பிரேக் பெடலை மிதித்துக்கொடுக்கும் துணைக் கருவி இல்லாமல் அந்த 7 விழுக்காட்டுச் சரிவில் இறங்க வேண்டாம். எந்த மாநிலச் சட்டம் எத்தனை பவுண்டிலிருந்து அதைக் கட்டாயமாக்குகிறது என்ற வாதத்துக்கே நான் போவதில்லை.

வாங்குவதற்கு முன்பு, ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டையும் வண்டியின் கையேட்டையும் படித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறியிருக்கலாம். வாங்கிய பிறகு, லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். முன்னச்சு, பின்னச்சு, பின்னால் வரும் கார் என்று மூன்றையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள்.

வரிச்சாலை

எடைக்கணக்கைச் சொல்லிவிட்டார்கள், நான் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தரை இடைவெளி என்று விளம்பரத்தாளில் வரும் எண், பெரும்பாலும் வெறும் வேனுக்கு உரியது. புரோமாஸ்டருக்கு அது ஏறத்தாழ 7 அங்குலம். அதை மோட்டார்ஹோமாக மாற்றும்போது கழிவுநீர்த் தொட்டி, அதன் வால்வு, ஜெனரேட்டர், எரிவாயு உருளை, படிக்கட்டு என்று பலவும் அடியில் தொங்கும். ஆகவே விற்பனையாளரின் கைகளைப் பார்க்காமல், ஒரு பாயையும் டேப்பையும் எடுத்துப்போய் வண்டிக்கு அடியில் படுத்து நீங்களே அளந்துவிடுங்கள். எது மிகத் தாழ்வானது என்பதோடு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு அருகில் 6 அங்குலம் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இரு அச்சுகளுக்கு நடுவிலோ வாலின் நுனியிலோ அதே 6 அங்குலம் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஆர்.வி.யின் தரை இடைவெளியும் ஆறரை அங்குலம் அளவில்தான். எண்ணைப் பார்த்தால் புரோமாஸ்டருக்குச் சமம். ஆனால் அதன் இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 103 அங்குலம், டிரவாட்டோவுக்கு 159 அங்குலம், வியூவுக்கு 170 அங்குலம். ஒரு மேட்டை ஏறி இறங்கும்போது வயிறு தட்டாமல் இருக்கும் கோணத்தைக் கணக்கிட்டால் காருக்கு ஏறத்தாழ 14 டிகிரி வரும். வேனுக்கு 10 டிகிரிகூட முழுதாக வராது. தொங்கும் தொட்டியால் நடு இடைவெளி 5 அங்குலமாகக் குறைந்தால் அது 7 டிகிரியாகிவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வண்டி ஓடையைத் தாண்டுவதும் இன்னொன்று அதில் உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். ரெவலுக்கு உயரமும் கூடுதல், அச்சுத் தூரமும் 144 அங்குலம்தான் என்பதால் இதில் அது நிச்சயமாக மேல்.

இப்போது ஹிட்ச் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டு தேவைகளும் மோதிக்கொள்ளும் இடம் அதுதான். டோ பார் ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும். காரின் பக்கமோ மோட்டார்ஹோமின் பக்கமோ 3 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. மோட்டார்ஹோமின் ஹிட்ச் காரின் தகட்டைவிட உயரமாக இருந்தால், கீழ்நோக்கி வளைந்த இணைப்பு ஒன்றைச் செருகுவார்கள். வண்டியின் மிகப் பின்னால், மிகத் தாழ்வாக, இன்னும் ஒரு முழ இரும்பு நீண்டுவிடும். பின்சக்கரத்திலிருந்து 60 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 12 அங்குல உயரத்தில் அது நின்றால், பள்ளத்திலிருந்து ஏறும்போது வால் தட்டாத கோணம் 11 டிகிரிதான்.

நான் முதன்முதலில் உரசியது எந்த மலையிலும் இல்லை, ஒரு பெட்ரோல் பங்க்கில். சாலையோர மழைநீர்ப் பள்ளத்தைத் தாண்டி மேடேறும் வாசல் அது. முன்சக்கரம் ஏறியதும் பின்னால் வால் இறங்கி, அந்தச் செருகு இரும்பு சிமென்ட்டை இரண்டு அடி நீளத்துக்குக் கீறிக்கொண்டு வந்தது. சத்தத்தைக் கேட்டு உள்ளே இருந்த கடைக்காரரே வெளியே வந்துவிட்டார். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் அருகே தொங்கிய ஏழு கம்பி விளக்கு இணைப்பின் மூடி பெயர்ந்துபோய், அடுத்த 200 மைலுக்குக் காரின் பிரேக் விளக்குகள் எரியவில்லை. அன்றிலிருந்து வாசல்களில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறுகிறேன். ஹிட்சுக்கு அடியில் இரண்டு சிறு இரும்பு உருளைகளையும் பற்றவைத்துக்கொண்டேன்.

என் கருத்து இதுதான்: காரை இழுத்துப்போகப் போகிறீர்கள் என்றால், மண்சாலைக்கு உரிய வண்டி அந்தக் கார்தான். மோட்டார்ஹோமுக்கு உயரம் தேடி அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

தனிவண்டி

வரிச்சாலை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியைச் சொல்ல ஆள் வேண்டுமே.

நான் நான்கு ஆண்டுகள் காரைக் கட்டி இழுத்துவிட்டு, இப்போது உயரமான வேன் ஒன்றோடு மட்டும் பயணம் செய்கிறேன். நான்கு சக்கரமும் தரையில் உருளும் காரை வைத்துக்கொண்டு பின்னோக்கி எடுக்க முடியாது. சில அடி போவதற்குள் காரின் முன்சக்கரங்கள் தம் போக்கில் திரும்பிக் குறுக்கே நின்றுவிடும். யூட்டாவில் ஒரு மண்சாலை திடீரென்று வெள்ளம் அரித்த பள்ளத்தில் முடிந்தபோது, நான் வண்டியை வளைத்த நிலையில் நிறுத்தினேன். வளைந்து நின்றதால் டோ பாரின் ஊசிகள் இறுகிக்கொண்டன. நான் சுத்தியலால் தட்ட, என் மனைவி காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, ஒரு ஊசி கழன்று வருவதற்குள் இருட்டிவிட்டது. இரண்டாவது ஊசி காலையில்தான் வந்தது.

நீளத்தையும் யோசியுங்கள். யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸ் முகாமில் மொத்தமே 13 இடங்கள்; 26 அடி வரைதான் அனுமதி. வியூ தனியாக என்றால் உள்ளே நுழையலாம், ஆனால் காரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். அங்கிருந்து தெற்கே மோக்கி டக்வே வழியாக இறங்க நினைத்தால், 28 அடிக்கும் 10,000 பவுண்டுக்கும் உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்தச் சாலை பரிந்துரைக்கப்படுகிறது. மூன்று மைல் சரளைச் சாலை, 11 விழுக்காட்டுச் சரிவு, ஊசிமுனை வளைவுகள். சாமான் ஏற்றிய வியூ எடையிலேயே தாண்டிவிடும். காரோடு சேர்த்தால் பேச்சே இல்லை. ரெவலின் நீளம் 20 அடிக்கும் குறைவு, ஜி.வி.டபிள்யூ.ஆர். 9,050 பவுண்டு, இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கும்.

ரெவலிலும் இழுக்கலாம், 5,000 பவுண்டு ஹிட்ச் அதற்கும் உண்டு. ஆனால் அந்த விலைக்கு அந்த வண்டியை வாங்கிவிட்டுப் பின்னால் காரையும் கட்டுவது, குடை பிடித்துக்கொண்டு மழைக்கோட்டும் போட்டுக்கொள்வது போல எனக்குத் தோன்றுகிறது. ஒன்று போதும்.

மலைச்சாரல்

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை பாயோடு போனேன். விற்பனையாளர் சிரித்தார், பிறகு அவரே டார்ச் பிடித்தார். நாங்கள் பார்த்த பழைய வியூவில் மிகத் தாழ்வானது கழிவுநீர் வால்வு. நல்ல வேளையாக அது பின்சக்கரத்தை ஒட்டியே இருந்தது. கதவோரச் சீட்டையும் கையேட்டையும் பார்த்தபோது எடைமேடை சொன்ன இரண்டு எண்களும் அப்படியே இருந்தன.

ரெவல் எங்கள் கைக்கு எட்டாத விலை, அதோடு என் மனைவிக்கு நிலையான குளியலறை வேண்டும். ஆகவே வியூவையே முடிவு செய்திருக்கிறோம். தார்ச்சாலை முடியும் இடத்துக்கு முன்பே முகாம் போட்டுவிட்டு, சாக்கோவுக்கும் மோக்கி டக்வேக்கும் காரில் போவோம். தனிவண்டி சொன்ன ஊசிக்கதையைப் படித்த பிறகு, முடிவு தெரியாத எந்தச் சாலையிலும் காரைக் கட்டிக்கொண்டு நுழைவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: சி.ஆர்.வி.யைக் கட்டும் முன்பு கியரில் ஏதோ ஒரு முறை பின்பற்ற வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

எடைமேடை

ஆம், அதைத் தவிர்த்தால் கியர்பெட்டி போய்விடும். என்ஜினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோங்கள். பிறகு டி நிலையில் 5 விநாடி வைத்து, நியூட்ரலுக்கு மாற்றி, 3 நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். அதன்பின் என்ஜினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஆக்சசரி நிலையில் விடுங்கள். ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இதையே மீண்டும் செய்ய வேண்டும். வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது. சாவி அந்த நிலையில் இருக்கும்வரை பேட்டரி மெல்ல வடியும் என்பதால், ஜம்ப்பர் கம்பி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 2014 என்பதால் சொல்கிறேன். 2015இலிருந்து வந்த சி.வி.டி. (படிநிலைகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்) கியர்பெட்டி உள்ள சி.ஆர்.வி.க்களை இப்படி இழுக்கவே கூடாது.