ஏற்றம் தொடங்கும் இடத்தில் செயின் உட்பக்கம் கழன்று விழுகிறது, என்ன செய்யலாம்?

மேட்டுவழி (கேள்வி):

வணக்கம். என்னுடையது ரோடு பைக். முன்னால் 50/34 (பெரிய ரிங்கில் 50 பல், சின்னதில் 34), பின்னால் 11-28, 11 ஸ்பீடு (11 பல்லிலிருந்து 28 பல் வரை பதினோரு பல்சக்கரம்), கேபிள் கியர்தான். பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய கிராமச் சாலைகளில் ஓட்டுகிறேன். வண்டி நடமாட்டம் குறைவு. மலை என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனால் சமதளமும் இல்லை. ஓடைப் பாலம் வரை இறங்கும், பாலம் தாண்டியதும் ஏறும், மறுபடி இறங்கும். வழி முழுக்க இதே கதைதான்.

சிக்கல் பாலத்தைத் தாண்டிய அந்த இடத்தில். பெரிய ரிங்கிலிருந்து சின்னதுக்கு மாற்றும்போது செயின் 34-ஐயும் தாண்டி உட்பக்கம் விழுந்துவிடுகிறது. எப்போதும் இல்லை, ஆனால் வெளியே போனால் ஒரு தடவையாவது நடக்கிறது. ஸ்டாண்டில் மாட்டிக் கையால் சுற்றினால் கச்சிதமாக மாறுகிறது. எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் விழவில்லை. லிமிட் ஸ்க்ரூவை (முன் டீரெய்லர் உட்பக்கம் எதுவரை போகலாம் என்று நிறுத்தும் திருகு) இறுக்கினால் சின்ன ரிங்குக்கு இறங்கவே மறுக்கிறது. செயின் புதுசு. பிரேமில் கிரேங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) பக்கம் கீறல் விழத் தொடங்கியிருக்கிறது. கார்பன் பிரேம், அதுதான் கவலை.

கிரீஸ்கை:

முதலில் முன் டீரெய்லர், அதாவது செயினை ரிங்குக்கு ரிங் தள்ளும் கருவி, உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பெரிய ரிங்கின் பற்களுக்கு மேல் அதன் வெளித்தகடு 1 முதல் 3 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கியிருந்தால் செயினை இறக்கும்போது கட்டுப்பாடு போய்விடும். மேலிருந்து பார்த்தால் தகடு ரிங்குக்கு இணையாகத் தெரிய வேண்டும். சில மாடல்களுக்குக் கோணம் கொஞ்சம் வேறு, கையேட்டில் இருக்கும்.

அடுத்து லிமிட் ஸ்க்ரூ. கேபிளைக் கழற்றி விட்டுத்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் டீரெய்லரை நிறுத்துவது ஸ்க்ரூ இல்லை, கேபிள். நீங்கள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள், உண்மையான நிலை தெரியாது. செயினை முன்னால் சின்ன ரிங்கிலும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் போட்டு, டீரெய்லரின் உள்தகடு செயினை உரசாமல் அரை மி.மீ. இடைவெளி வரும்வரை வையுங்கள். கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினால் போதும்.

ஸ்க்ரூவை இறுக்கியதும் இறங்க மறுக்கிறது என்கிறீர்களே, அதைக் கேட்டால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

ஒற்றைரிங்:

முன் டீரெய்லரையே கழற்றி எறியுங்கள் ப்ரோ. முன்னால் ஒரே ரிங், அகலமும் குறுகலும் மாறி மாறி வரும் பற்கள், பின்னால் கிளட்ச் (செயின் தளராமல் பிடிக்கும் அமைப்பு) உள்ள டீரெய்லர். தொல்லை விட்டது.

கிரீஸ்கை:

செயின் விழாமல் இருக்கப் பின் கேசட் (பல்சக்கரத் தொகுப்பு), டீரெய்லர், கிரேங்க் எல்லாம் மாற்றச் சொல்கிறீர்கள். தவிர, ஒற்றை ரிங்கில் கியருக்குக் கியர் இடைவெளி அதிகம். இப்படி நொடிக்கு நொடி சாய்வு மாறும் சாலையில்தான் அது உறுத்தும். அவர் கேட்டது செயின் ஏன் விழுகிறது என்று.

மெதுமிதி:

ஸ்டாண்டில் விழாமல் சாலையில் மட்டும் விழுகிறது, அதுவும் ஒரே மாதிரி இடத்தில் என்றால், ஸ்க்ரூவைவிட அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். லீவரைத் தட்டும்போது பின்னால் செயின் எந்தப் பல்சக்கரத்தில் இருக்கிறது? அந்த நேரம் கால் சுற்றிக்கொண்டிருக்கிறதா, நின்றிருக்கிறதா?

மேட்டுவழி:

கவனித்துவிட்டு வந்தேன். பின்னால் 12 அல்லது 13. இறக்கத்தில் கால் மிதிப்பதில்லை, உருளவிடுவேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது லீவரை (முன் ரிங்கை மாற்றுவது) தட்டி வைத்துவிட்டு, ஏற்றம் தொடங்கியதும் அழுத்தி மிதிக்கிறேன். முன்கூட்டியே மாற்றுவது நல்லது என்று படித்த நினைவு.

மெதுமிதி:

முன்கூட்டியே மாற்றுவது சரிதான், ஆனால் கால் சுற்றிக்கொண்டே மாற்ற வேண்டும். செயின் ஓடாமல் நிற்கும்போது லீவரைத் தட்டினால் டீரெய்லர் செயினைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு காத்திருக்கும். அடுத்து நீங்கள் போடும் முதல் அழுத்தமான மிதியில் அது மொத்தமாகக் கீழே பாயும். ஸ்டாண்டில் இந்த நிலை வரவே வராது, ஏனென்றால் அங்கே கை சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுமையும் இல்லை, குலுக்கலும் இல்லை.

இன்னொன்று. 50-லிருந்து 34-க்கு இறங்கும்போது 16 பல் குறைகிறது. செயின் ரிங்கின் பாதியைத்தான் சுற்றியிருக்கும், ஆக 8 பல் அளவுக்கு, அதாவது சுமார் 10 செ.மீ. செயின் ஒரே கணத்தில் தளர்கிறது. அதைப் பின் டீரெய்லரின் ஸ்பிரிங்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்னால் 12-ல் இருந்தால் அந்த ஸ்பிரிங் ஏற்கெனவே கிட்டத்தட்ட தளர்ந்த நிலையில் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் இணைப்பு இடைவெளியில் சக்கரம் குதித்தால் கேட்கவே வேண்டாம்.

கிரீஸ்கை:

ஒரு சந்தேகம். பின்னால் சின்னப் பல்சக்கரத்தில் இருந்தால் செயின் வெளிப்பக்கமாகத்தானே இழுபடும்? உள்ளே விழுவது பின்னால் 25, 28-ல் வைத்துக்கொண்டு மாற்றும்போதுதான் அதிகம்.

மெதுமிதி:

கோணம் மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. 28-ல் வைத்து மாற்றினால் செயின் உள்நோக்கிச் சாய்ந்தபடி இறங்கும், சட்டென்று தாண்டிவிடும். ஆனால் அங்கே இழுவிசையாவது இருக்கும். 12-ல் கோணம் சாதகம், தளர்வு பாதகம். அதனால்தான் கேசட்டின் நடுவில், 17, 19 பக்கம் வைத்து மாற்றச் சொல்கிறோம்.

அந்த இடத்தில் நேரம் எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 40 கி.மீ. வேகத்தில் பாலத்தைத் தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதிக்காமல் 20-க்குக் குறையும்வரை அந்த வேகம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும் உயரம் 5 மீட்டர்கூட இல்லை. 5 சதவீத ஏற்றத்தில் அது 100 மீட்டருக்கும் குறைவான தூரம், பதினோரு நொடி. காற்று எதிர்ப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். இதற்குள் முன்னால் ஒரு மாற்றம், பின்னால் சில மாற்றம். பதற்றத்தில் காலும் அழுத்தும், விரலும் தட்டும்.

நான் செய்வது இது. இறக்கம் முடியும் முன்பே லேசாகக் கால் சுற்றத் தொடங்கிவிடுவேன், சுமை கொடுக்காமல், செயின் ஓடினால் போதும் என்கிற அளவுக்கு. வேகம் இறங்க இறங்கப் பின்னால் 13, 15, 17 என்று வருவேன். 30 கி.மீ. பக்கம் வரும்போது 50/17-ல் (முன்னால் 50, பின்னால் 17) நிமிடத்துக்கு 80 சுற்று இருக்கும். அங்கேதான் இடது லீவர். அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். செயின் 34-ல் அமர்ந்ததும் பின் கியரை மாற்றும் வலது லீவரில் இரண்டு தட்டு, 14-க்கு. அந்த இரண்டு தட்டு இல்லையென்றால் கியர் ஒரேயடியாக 32 சதவீதம் லேசாகி, கால் காற்றில் சுற்றுவது போலாகிவிடும். தட்டினால் 17 சதவீதத்தோடு போகும், தாளம் கெடாது. அதன் பிறகு ஏற ஏற ஒவ்வொன்றாகப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

இந்தக் கியர்கள் வருவதற்கு முன்னால் பந்தயக்காரர்கள் ஏற்றத்தின் அடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பல்லை மாற்றினார்கள். டூர் டி பிரான்ஸில் டீரெய்லரை அனுமதித்ததே 1937-ல்தான்.

வரைபடப்பித்து:

ஒரு சின்னச் சேர்க்கை. ஆற்றின் போக்கிலேயே போகும் சாலை பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும். ஏற்றி இறக்குவது பக்கத்திலிருந்து ஓடைகள் வந்து சேரும் இடங்கள். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் ஓடையைக் கடக்கும் கோடுகள் கூர்முனையாக வளைந்து, ஓடை வரும் மேற்பக்கத்தைக் காட்டும். உங்கள் சாலை அந்த முனைகளை வெட்டும் இடமெல்லாம் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் செங்குத்து. கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்தால் எங்கே 34 தேவைப்படும், எங்கே 50-லேயே எழுந்து நின்று தாண்டிவிடலாம் என்று தெரிந்துவிடும். குட்டி மேட்டுக்கெல்லாம் முன் ரிங்கை மாற்றத் தேவையே இல்லை.

மேட்டுவழி:

எல்லோருக்கும் நன்றி. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், கிரீஸ்கை சந்தேகப்பட்டது சரி, கேபிள்தான் டீரெய்லரைப் பிடித்து வைத்திருந்தது. திரும்ப அமைத்துவிட்டேன். மெதுமிதி சொன்னபடி கால் சுற்றிக்கொண்டே மாற்றிப் பார்த்ததில் விழவில்லை. ஆனால் 34/11-ல் வைத்தால் கீழ்ப்பக்கச் செயின் தொங்கிப் பின் டீரெய்லரை உரசுகிறது. இது சாதாரணம்தானா?

கிரீஸ்கை:

இல்லை. செயின் நீளம் அதிகம், மாற்றும்போது பழையதோடு ஒப்பிடாமல் போட்டிருப்பார்கள். பின் டீரெய்லருக்குள் விடாமல் செயினைப் பெரிய ரிங், பெரிய பல்சக்கரம் இரண்டின் மேலும் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு மீதியை எடுங்கள். எடுத்த பிறகு 50/28-ல் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், டீரெய்லர் முறுக்கிக்கொள்ளாமல் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும். குறைவாக வெட்டுவது பரவாயில்லை, அதிகம் வெட்டினால் ஒரு நாள் தெரியாமல் 50/28 போடும்போது டீரெய்லரே பிய்ந்துவிடும்.

மேட்டுவழி:

சரி, செய்துவிடுகிறேன். அப்புறம் ஒன்று, ஓடும்போதே விழுந்துவிட்டால் இறங்கித்தான் மாட்ட வேண்டுமா?

மெதுமிதி:

பெரும்பாலும் வேண்டாம். இடது லீவரைப் பெரிய ரிங் பக்கம் தள்ளிக்கொண்டு மிக லேசாக முன்னோக்கிச் சுற்றுங்கள், டீரெய்லர் செயினை ஏற்றிக்கொள்ளும். கொஞ்சம் தடை தெரிந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள். ரிங்குக்கும் பிரேமுக்கும் நடுவில் செயின் சிக்கியிருக்கும்போது மிதித்தால்தான் கார்பன் கிழிபடுகிறது. இப்போதுள்ள கீறல் பெயிண்டோடு நின்றிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நார் தெரிந்தால் ஓட்டாமல் யாரிடமாவது காட்டுங்கள்.

கிரீஸ்கை:

கூடவே ஒரு செயின் கேட்சர் போட்டுவிடுங்கள். முன் டீரெய்லரைப் பிடித்திருக்கும் அதே போல்ட்டில் மாட்டும் சின்னக் கம்பி. சின்ன ரிங்குக்கும் பிரேமுக்கும் நடுவில் நிற்கும். கார்பன் பிரேமில் அது இல்லாமல் ஓட்ட எனக்கு மனசு வராது.