புதுப்பிப்பு: நவம்பர் வெயிலுக்கு மலாகா

போர்ச்சுகலின் லிஸ்பன், ஸ்பெயினின் செவில்யா, மலாகா மூன்றில் நவம்பர் விடுமுறைக்கு வெயில் எங்கே நிச்சயம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மலாகா என்று முடிவாகிவிட்டது. லிஸ்பனில் அட்லாண்டிக் மழை நவம்பர், டிசம்பரில்தான் வலுக்கும். செவில்யா அருமையான ஊர், ஆனால் கடற்கரை இல்லை. மலாகாவுக்கு வடக்கே மலைகள் குளிர்காற்றை மறிப்பதால் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். கடல்நீர் மட்டும் சில்லென்றிருக்கும்.

வீடு எடுப்பவர்கள் தெற்குப் பார்த்த அறையா, ஹீட்டர் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். அங்கே பல வீடுகள் கோடையைச் சமாளிக்கவே கட்டியவை. ராத்திரியில் டைல்ஸ் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு சி1 என்ற புறநகர் ரயில், கால் மணி நேரத்துக்குள். 'சென்ட்ரோ அலமேதா' என்ற பலகையைப் பார்த்து ஏறுங்கள். எதிர்த்திசை ரயில் ஃபுயென்ஹிரோலா என்ற வேறு ஊருக்குப் போய்விடும்.