மறு: பல நிறுவனங்களுக்கு ஒரே மென்பொருள்: ‘பல்வளவு’ பொருந்துமா?

எல்லாருக்கும் வணக்கம். ஒரே மென்பொருளை அரிசி ஆலை, கடை, வகுப்பு என்று பல நிறுவனங்கள் தங்கள் தரவு கலக்காமல் பயன்படுத்தும் முறைக்கு (ஆங்கிலத்தில் multi-tenancy, tenant என்றால் குடியிருப்பவர்) தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்களைப் பற்றி என் பதில் இது.

தம்பி முன்வைத்த ‘பல்குடி’ சுருக்கமான சொல், வாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்துக்கு அது சரிவராது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் குடி என்றால் தாய்வழியாக வருகிற குடி. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு என்பது வரைக்கும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு, குடிக்கொரு மரைக்காயர் (குடியின் தலைவர்) என்ற வழக்கமும் இருந்தது. இங்கே ஒரு வகுப்பில் ‘பல்குடித் தரவுத்தளம்’ என்று எழுதினால் பிள்ளைகளுக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

சம்மாந்துறையிலிருந்து காக்கா (அண்ணன்) எழுதிய ‘பல்வாடகை’யில் வேறு சிக்கல். அரிசி ஆலைக்காரர் மென்பொருளுக்கு மாதம் மாதம் கட்டினாலும் சரி, ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கினாலும் சரி, அவருடைய கணக்கு அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. அதுதான் விஷயம். காசு எப்படி வருகிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் அது விட்டுப்போகும்.

நான் முன்மொழிவது ‘வளவு’. வீடு, கிணறு, தென்னை எல்லாம் சேர்த்து வேலிக்குள் இருக்கிற காணியை வளவு என்கிறோம். ஒரு நிறுவனத்தின் தரவு முழுவதும், அதன் பயனர்கள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்தது ஒரு வளவு. ஒரே மென்பொருளில் பல வளவுகள் இருந்தால் பல்வளவு முறை. அட்டவணையின் ஒவ்வொரு நிரையிலும் (கிடைவரியிலும்) அது யாருடையது என்று காட்டும் எண் ‘வளவு எண்’. வளவு என்றதும் வேலி எங்கே என்று கேட்கத் தோன்றும். ஒரே தரவுத்தளமா, ஆளுக்கொன்றா என்ற கேள்வியும் அதுவேதான். (திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகள் ஒரு வாசலுக்குள் இருப்பதை வளவு என்பார்கள் என்று தெரியும். அங்குள்ள நண்பர்களுக்கு இது இடறுமா என்று அவர்களே சொல்ல வேண்டும்.)

எல்லாருக்கும் ஒரே தரவுத்தளம், ஆளுக்கொரு தரவுத்தளம் என்ற இரண்டு முறைகளுக்கும் முறையே ‘கூட்டுத்தரவுத்தளம்’, ‘தனித்தரவுத்தளம்’ என்று வைக்கலாம். ‘பொது’ என்றால் எவரும் பார்க்கலாம் என்ற பொருள் வந்துவிடும். ‘பகிர்’ என்றால் பல கணினிகளில் பிரித்து வைக்கும் தரவுத்தளத்தோடு குழம்பும், அது முற்றிலும் வேறு.

ரீச்சர் கேட்டிருந்தார், பெயர் இருக்கட்டும், எதை எப்போது எடுப்பது என்று. கூட்டுத்தரவுத்தளத்தில் வேலி என்பது ஒவ்வொரு வினவலிலும் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளையிலும்) எழுதும் ஒரு நிபந்தனை மட்டும்தான். அறுவடை நேரம் நெல் கொள்முதல் பட்டியலை எடுக்கும் வினவலில் வளவு எண்ணை எழுத மறந்தால், சம்மாந்துறை ஆலைக்காரரின் திரையில் நிந்தவூர் ஆலை மூட்டைக்கு என்ன விலை கொடுத்தது என்பதும் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளின் 9.5ஆம் பதிப்பில், 2016 ஜனவரியில், நிரைமட்டப் பாதுகாப்பு (எந்த நிரையை யார் பார்க்கலாம் என்று தரவுத்தளமே காக்கும் விதி) வந்த பிறகு இந்த வேலியைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்க முடிகிறது. நிபந்தனையை மறந்தாலும் அடுத்தவர் நிரைகள் வராது. ஆனால் அட்டவணையின் உரிமையாளராகவே செயலி இணைந்தால், தனியாகக் கட்டாயப்படுத்தினால் ஒழிய, அந்த விதி அதற்குச் செல்லாது. எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசருக்கு எப்போதுமே செல்லாது. செயலிக்கென்று அதிகாரம் குறைந்த ஒரு பயனர் கட்டாயம் வேண்டும். மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இந்த வசதியே இல்லை.

இன்னொன்று, மீட்பு. ஓர் ஆலையின் எழுதுவினைஞர் காலையில் கொள்முதல் பதிவுகளைத் தவறுதலாக அழித்துவிடுகிறார் என்று வையுங்கள். தனித்தரவுத்தளமென்றால் அந்த ஒன்றை மட்டும் இரவில் எடுத்த காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுக்கலாம், மற்ற ஆலைகள் பில் போட்டுக்கொண்டே இருக்கும். கூட்டுத்தரவுத்தளத்தில் அப்படியே மீட்டால் எல்லாருடைய காலைப் பில்லும் போய்விடும். பிரதியை வேறோர் இடத்தில் திறந்து, அந்த வளவு எண்ணுக்குரிய நிரைகளை அட்டவணை அட்டவணையாக, அந்நியச் சாவிகளின் (ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் எண்களின்) ஒழுங்கு பிசகாமல் எடுத்துவர வேண்டும். முன்கூட்டியே பழகிப் பார்க்காதவர்களுக்கு அது பெரிய வேலை. வாடிக்கையாளர் விலகிப்போகும்போது தரவை அழித்துத் தருவதும் இப்படித்தான். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

தனித்தரவுத்தளத்துக்கும் செலவு உண்டு. ஓர் அட்டவணையில் ஒரு நிரலை (மேலிருந்து கீழாக வரும் பத்தியை) சேர்க்க எல்லாத் தரவுத்தளத்திலும் அந்த மாற்றத்தை ஓட்ட வேண்டும், பாதியில் நின்றால் சில வளவுகள் பழைய வடிவிலும் சில புதிய வடிவிலும் கிடக்கும். போஸ்ட்கிரெஸில் ஓர் இணைப்பு ஒரே தரவுத்தளத்தோடுதான் பேசும், இணைப்புகளின் இயல்பான உச்சமும் 100தான். சிறிய சேவையகத்தில் வளவுகள் கூடக்கூட இது கழுத்தைப் பிடிக்கும்.

என் கருத்து இதுதான்: ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரிந்தால் தொழிலே கெடும் என்கிற ஆலைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் தனித்தரவுத்தளம். கல்முனை, அக்கரைப்பற்று ரியூசன் வகுப்புகளின் வரவுப் பதிவு போன்றவற்றுக்கு நிரைமட்டப் பாதுகாப்போடு கூட்டுத்தரவுத்தளம் போதும்.

சொல்லைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. இந்த மடலில் நிரை என்றது கிடையாக ஓடுவது, நிரல் என்றது மேலிருந்து கீழாக வருவது, இங்கே பாடசாலையில் படிப்பது போல. தமிழ்நாட்டில் கணினித் துறையில் நிரல் என்றால் ப்ரோகிராம். சொற்பட்டியலில் ‘வளவு எண் நிரல்’ என்று சேர்க்கும்போது ஒரு விளக்கவரி போட்டுவிடுங்கள். ஒரே தரவுத்தளத்துக்குள் ஆளுக்கொரு ஸ்கீமா (அட்டவணைகளின் தனித்தொகுதி) கொடுக்கும் நடு முறைக்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. காக்காவும் ரீச்சரும் ஏதாவது சொன்னால் மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.