மரக் கிண்ணம் போட்ட ஹெட்போன்: மாரி தொடங்கியதும் வலது பக்கத்தில் பேஸ் இல்லை

உவர்மலைக்காரன்:

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருந்த பழைய மூடிய வகை ஹெட்போனின் பிளாஸ்டிக் கிண்ணங்கள் வெடித்துவிட்டன. உள்ளே சத்தம் எழுப்பும் டிரைவர்கள் நல்ல நிலையில் இருந்ததால் எறிய மனம் வரவில்லை. இடித்த வீடொன்றின் வாசல் நிலையில் இருந்து நல்ல தேக்குத் துண்டு கிடைத்தது. கட்டில் கால் கடையும் பட்டறையில் கொடுத்து இரண்டு கிண்ணம் கடைவித்தேன்.

அளவுகள்: டிரைவர் 40 மி.மீ., 32 ஓம். கிண்ணத்தின் உள் ஆழம் 30 மி.மீ., சுவர்த் தடிப்பு 8 மி.மீ., அடி தட்டையானது. டிரைவர் பூட்டிய பிளாஸ்டிக் தட்டு 70 மி.மீ. வட்டம். கிண்ணத்தின் வாயில் 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு படி வெட்டியிருக்கிறது. தட்டு அதற்குள் இறுக்கமாக உட்காரும், ஓரத்தைச் சுற்றிச் சூட்டுப் பசை. காது மெத்தையின் உதடு மரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் எண்ணெய் மட்டும் பூசினேன்.

வரண்ட கச்சான் காற்று அடித்த காலத்தில் பூட்டியபோது சத்தம் அருமையாக இருந்தது. தவிலின் தொப்பிப் பக்க அடி வயிற்றில் விழுந்தது என்றே சொல்ல வேண்டும். மழை தொடங்கிய பிறகு இவை வந்துவிட்டன: வலது பக்கத்தில் பேஸ் (தாழ்ந்த சத்தம்) இல்லை, பாடுபவர் இடது பக்கம் நகர்ந்து நிற்பது போலக் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் தாழ்ந்த சுரங்களில் அதே வலது பக்கம் 'கிர்' என்று அதிர்கிறது. இது தவிர, 'ஸ', 'ச' வரும் இடங்களில் இரண்டு பக்கமும் காதைக் கீறும். அது முதலில் இருந்தே கொஞ்சம் இருந்தது.

போனை மாற்றிப் பார்த்தேன், கேபிளை இடம் மாற்றிப் பார்த்தேன், கோளாறு வலது கிண்ணத்திலேயே நிற்கிறது. மல்டிமீற்றரில் இடது 32.4, வலது 32.1 ஓம். வலது கிண்ணத்தை உள்ளங்கையால் காதோடு அழுத்தினால் பேஸ் ஓரளவு திரும்புகிறது. டிரைவர் பழுதாகிக்கொண்டு போகிறதா? புது டிரைவர் தேடுவதா, இல்லை முதிரையில் பாரமான கிண்ணம் கடைவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமம் வயர்மேன்:

முதலில் ஒன்றைப் பாருங்கள். வலதை மட்டும் தனியாகக் கேட்டால் பேஸ் வருகிறதா? தனியாகக் கேட்கும்போது நன்றாக இருந்து, இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது மெலிந்தால் ஒரு டிரைவரில் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருக்கும். கிண்ணம் மாற்றும்போது அதிகமாக நடப்பது அதுதான். இந்த மெல்லிய வயர்களில் எனாமல் பூச்சு உண்டு, சிலவற்றில் பார்வைக்கு செப்பு நிறத்திலேயே இருக்கும். பூச்சு எரியும்வரை சோல்டர் பிடிக்காது. மேலே ஒட்டியது போல இருந்தாலும் உள்ளே தொடர்பு விட்டு விட்டு வரும்.

உவர்மலைக்காரன்:

வலதைத் தனியாகக் கேட்டாலும் பேஸ் இல்லை. சோல்டர் இடங்களை ஆட்டியும் பார்த்தேன், மீற்றர் அசையவில்லை.

தம்பலகாமம் வயர்மேன்:

அப்படியானால் வயரை விடுங்கள். ஓம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, சுருளும் நல்லது. இது காற்று சம்பந்தப்பட்ட கோளாறு.

மூதூர் இசைப்பிரியன்:

அண்ணா, என் எண்ணம் மரத்தை மாற்றுவதுதான். தேக்கு எண்ணெய் மரம், சத்தத்தைக் குடித்துவிடும். முதிரையோ பாலையோ போட்டால் பேஸ் தானாக வரும். சோனி எம்.டி.ஆர்.-ஆர்10 ஹெட்போன் மரத்தால்தானே பெயர் எடுத்தது?

நிலாவெளி பௌதிக டீச்சர்:

மூதூர்த் தம்பி, ஆர்10 பற்றிச் சொன்னது பாதிதான். 1989இல் வந்த அந்த ஹெட்போனின் கிண்ணம் ஸெல்கோவா மரம், சரி. ஆனால் அதில் டிரைவரின் சவ்வு பக்டீரியா உருவாக்கும் செலுலோசால் ஆனது, கிண்ணத்தின் உள்வடிவமும் அதற்கென்றே கணக்குப் பார்த்துக் குடையப்பட்டது. கிராடோ கம்பனி மகோகனியில் செய்கிறது, ஆனால் அது திறந்த வகை, பின்பக்கம் வலைதான். மரத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது, உட்சுவர் எந்த வடிவம், மெத்தை காதோடு எப்படிப் பொருந்துகிறது, இவைதான் முதலில் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. மரத்தின் பாரமும் விறைப்பும் சுவர் அதிராமல் இருக்க உதவும். 8 மி.மீ. தேக்குச் சுவர் அதற்குத் தாராளம்.

இனி உங்கள் கோளாறு, உவர்மலைத் தம்பி. சவ்வு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்கும், அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்தால் முன்னே அமுங்கிய காற்று பின்னுக்கு ஓடிச் சமனாகிவிடும். உயர்ந்த சுரங்களில் அதிர்வு வேகமானது, அந்தச் சிறிய இடைவெளியால் ஓட நேரம் கிடைக்காது. 50 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சத்தத்தில் ஆற அமர ஓடலாம். அதனால்தான் பேஸ் மட்டும் தொலைகிறது, குரல் அப்படியே நிற்கிறது. நீங்கள் கையால் அழுத்தும்போது எங்கோ ஒரு இடைவெளி மூடுகிறது. டிரைவர் பழுதானால் அழுத்தினாலும் வராது.

சோதனை சுலபம். மெத்தையைக் கழற்றி, தட்டும் மரமும் சந்திக்கும் ஓரம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். மெத்தையைத் திரும்பப் போட்டு, போனில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றில் 50 ஹேர்ட்ஸ் வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். சத்தம் மெதுவாக இருக்கட்டும். டிரைவரின் பின்புறத் துவாரங்களை மூடிய மெல்லிய கடதாசியைத் தொட வேண்டாம், அதில் பசை படவும் கூடாது. அது அடைபட்டாலும் பேஸ் குறையும்.

கிண்ணியா தச்சன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சர் சொன்ன இடைவெளி எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். தம்பி, வலது கிண்ணத்தின் வாயை மர வரி ஓடும் திசையில் ஒரு தரமும், வரிக்குக் குறுக்கே ஒரு தரமும் வேணியர் இடுக்கியால் அளந்து பாருங்கள். இடதையும் அப்படியே.

பழைய நிலை மரம் என்பதால் இனி அசையாது என்று பலர் நம்புகிறார்கள். பழைய மரம் பச்சை மரம் போல வெடிப்பதும் முறுகுவதும் குறைவு, அது உண்மை. ஆனால் ஈரக் காற்றில் உப்புவதும் வரண்ட காற்றில் ஒடுங்குவதும் நூறு வருட மரத்திலும் நடக்கும். மாரியில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகி, கச்சானில் ஆடுவதும் இதனால்தான். வரி ஓடும் நீளத்தில் மரம் அசைவது கணக்கில் வராது, குறுக்கேதான் எல்லாம். அந்தக் குறுக்கிலும் மரத்தின் வளர்ச்சி வளையத்தோடு ஒட்டிப் போகும் திசை, நடுவில் இருந்து வெளியே போகும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அசையும். பச்சைத் தேக்கு முழுதாகக் காயும்போது வளையத்தோடு நூற்றுக்கு 5 பங்கு அளவிலும், மற்றத் திசையில் அதில் பாதியும் சுருங்கும். ஆகவே மரத்தின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு கூடினால் 70 மி.மீ. வாயில் ஒரு திசையில் அரை மில்லிமீற்றர் விரியும், மற்றதில் கால்.

ஒரே நிலைத் துண்டில் இருந்து கடைந்தாலும் ஒரு கிண்ணம் முன் முகத்தைப் பார்த்தும் மற்றது பக்க முகத்தைப் பார்த்தும் வெட்டுப்பட்டிருக்கும். அடியைத் திருப்பிப் பாருங்கள். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும். வலதில் அகன்ற மலை போன்ற வரிகள், இடதில் நேர்க்கோடுகள் இருந்தால் என் ஊகம் சரி. வட்டமாகக் கடைந்த வாய் நீள்வட்டமாகிவிட்டது. பிளாஸ்டிக் தட்டு அதனோடு சேர்ந்து விரியாது. சூட்டுப் பசை எண்ணெய்த் தேக்கில் நன்றாகப் பிடிப்பதில்லை, இழுபட்டதும் விட்டுவிடும். உங்கள் 'கிர்' சத்தமும் பசை விட்ட தட்டு படியில் தட்டுவதாக இருக்கலாம்.

மூதூர்த் தம்பிக்கு ஒரு சொல். முதிரை அழகான மரம்தான், ஆனால் அதன் தூள் தோலில் பட்டால் பலருக்குக் கடியும் சொறியும் வரும். கடைவதானால் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அதுவும் குறுக்கே உப்பும், எந்த மரமும் விதிவிலக்கில்லை.

உவர்மலைக்காரன்:

தச்சர் நானா, டீச்சர், இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். வலது: வரியோடு 70.1, குறுக்கே 70.7. இடது: வரியோடு 70.1, குறுக்கே 70.3. அடியில் வரிகளும் நானா சொன்னபடியே, வலதில் மலை, இடதில் நேர்க்கோடு. டேப் ஒட்டியதும் வலது பேஸ் முழுதாக வந்துவிட்டது. பாடுபவர் நடுவுக்கு வந்துவிட்டார்! 'கிர்' குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

இனி நிரந்தரமாக எப்படி அடைப்பது? சிலிக்கன் பூசிவிடலாமா?

கிண்ணியா தச்சன்:

சிலிக்கன் இந்த மாரிக்கு நிற்கும். ஆனால் தட்டைக் கழற்ற வேண்டி வந்தால் சிரமம். சில சிலிக்கன் காயும்போது புளி நாற்றத்தோடு அமிலம் விடும், செப்பு வயருக்கு அது ஆகாது. மரம் அசையட்டும், அடைப்பு அதை நம்பாமல் இருக்கட்டும். எங்கள் தொழிலில் கதவுப் பலகையைச் சட்டத்துக்குள் பசை போடாமல் மிதக்க விடுவது இதற்காகத்தான். நான் செய்தால் இப்படிச் செய்வேன்:

தட்டின் ஓரத்தைச் சாண்ட் பேப்பரில் தேய்த்து 69 மி.மீ. ஆக்குங்கள். மரத்தைத் தேய்க்க வேண்டாம். கச்சானில் வாய் ஒடுங்கும்போது தட்டு இறுகினால் கிண்ணம் வெடிக்கும், அதற்கும் இந்த இடம் வேண்டும். பிறகு பாடசாலைக் கைப்பணிக்கு விற்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டில் படியின் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டிப் படியின் மேல் வையுங்கள். நீர் உறிஞ்சாத ஃபோமாக இருக்க வேண்டும், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் காற்றை விடும். தட்டு அதன் மேல் உட்காரும். மூன்று சின்னத் திருகாணி போதும், தட்டில் உள்ள துளைகளைக் குறுக்குத் திசையில் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். ஃபோம் பாதியாக அமுங்கும் அளவுக்கு முடுக்குங்கள். அடைப்பு ஓரத்தில் இல்லாமல் அடியில் வந்துவிடும். வாய் அரை மில்லிமீற்றர் விரிந்தாலும் ஒடுங்கினாலும் காற்று கசியாது. இடதையும் இப்படியே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்காது.

நிலாவெளி பௌதிக டீச்சர்:

தட்டைக் கழற்றும்போது 'ஸ' கோளாறையும் முடித்துவிடுங்கள். தட்டுக்கும் தட்டையான அடிக்கும் 30 மி.மீ. நம் ஊர் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் அளவில் போகும். இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையே அரை அலை நிற்கும் அதிர்வெண் 349ஐ 0.06ஆல் (30 மி.மீ.இன் இரு மடங்கு, மீற்றரில்) வகுத்தால் வருவது: ஏறத்தாழ 5,800 ஹேர்ட்ஸ். 'ஸ' சத்தத்தின் கூர்மை அந்த வட்டாரத்தில்தான். அடியில் 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் ஒரு வட்டம் ஒட்டி, அதன் முன் கொஞ்சம் இலவம்பஞ்சைப் பிரித்துப் போடுங்கள். இலவம்பஞ்சு இயல்பாகவே நீரை ஒட்டவிடாது, அந்தக் காலத்தில் கடலில் மிதக்கும் அங்கிகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். எங்கள் மாரிக்குப் பருத்திப் பஞ்சைவிட அது நல்லது. திணிக்க வேண்டாம். அதிகமாகப் போட்டால் குரலின் உயிர் போய்விடும், சிறிது சிறிதாகச் சேர்த்துக் கேளுங்கள். டிரைவரின் பின்புறத்தில் பஞ்சு முட்டக் கூடாது.

அடுத்த தரம் கடையும்போது அடியைத் தட்டையாக விடாமல் உள்ளே குழிவாகக் கடையச் சொல்லுங்கள்.

தம்பலகாமம் வயர்மேன்:

மிச்ச 'கிர்'ருக்கு: கிண்ணத்துக்குள் வயர் நீளமாக விட்டிருந்தால் அது டிரைவரின் பின்புறத்திலோ மரத்திலோ தட்டும். ஃபெல்ட் துண்டால் சுவரோடு ஒட்டிவிடுங்கள். அதிலும் போகாவிட்டால் சவ்வின் மேல் ஒரு தலைமயிர் கிடக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மெத்தை கழற்றிப் போட்ட ஹெட்போன்களில் அது சகஜம்.

உவர்மலைக்காரன்:

செய்து முடித்துவிட்டேன். வயர்தான்! வலது கிண்ணத்துக்குள் ஒரு வளையமாகக் கிடந்தது, ஒட்டியதும் 'கிர்' அடியோடு போய்விட்டது. ஃபோம் வளையத்துடன் இரண்டு பக்கமும் 50 ஹேர்ட்ஸ் ஒரே அளவில் கேட்கிறது. ஃபெல்ட் போட்டதும் 'ஸ' தணிந்தது. பஞ்சு ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் நாதஸ்வரத்தின் கூர்மை மழுங்குகிறது, அதனால் அந்தச் சிட்டிகையோடு நிறுத்திவிட்டேன். தேக்கை மாற்றப் போவதில்லை.

ஒரு கேள்விதான் மிச்சம். உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்தால் மரம் அசைவது நின்றுவிடுமா? இப்போதே அடிக்கலாமா?

மூதூர் இசைப்பிரியன்:

நானும் கவனித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. முதலில் மரம் என்று நினைத்தேன், டீச்சரின் கணக்கைப் பார்த்து என் ஹெட்போனிலும் டேப் ஒட்டிப் பார்த்தேன், எனக்கும் பேஸ் கூடியது. நான் கருங்காலி தேடலாம் என்றிருந்தேன்.

கிண்ணியா தச்சன்:

கருங்காலியை விடுங்கள் தம்பி, வெட்டத் தடை உள்ள மரம். பலா, பூவரசு, வேம்பு இவற்றில் பழைய தளபாடத் துண்டுகள் மரக்காலைகளில் கிடைக்கும். பலாவில்தானே மிருதங்கமும் தவிலும் கடைகிறார்கள்.

உவர்மலைத் தம்பி, வார்னிஷ் அசைவை நிறுத்தாது, மெதுவாக்கும். எண்ணெய் அதைவிடக் குறைவாகவே தடுக்கும். ஒரு நாள் மழைக்கு மரம் துடிக்காமல் இருக்க வார்னிஷ் உதவும். அடித்தால் உள்ளும் புறமும் ஒரே எண்ணிக்கைப் பூச்சு. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மற்றப் பக்கம் ஈரம் குடித்து விளிம்பு முறுகும். இப்போது அடிக்க வேண்டாம், மாரி ஈரம் உள்ளே இருக்கிறது. தை கழிந்து, மழை விட்டு, வேணியரில் குறுக்களவு இறங்கி ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கிய பிறகு அடியுங்கள். அதற்காக வெயிலில் வைத்துக் காய விடாதீர்கள், வாயில் கீறல் விழும்; அலுமாரிக்கு மேல் நிழலில் கிடக்கட்டும். பூச்சு அடிக்கும்போது படியின் மேற்பரப்பில் கட்டி தங்காமல் துடைத்துவிடுங்கள், ஃபோம் சமமாக உட்கார வேண்டும். இன்றைய அளவுகளைக் கிண்ணத்தின் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். கச்சான் தொடங்கியதும் திரும்ப அளந்து போடுங்கள், எவ்வளவு ஒடுங்கியது என்று எனக்கும் பார்க்க ஆசை.