புதுப்பிப்பு: பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிட்டேன்
பிரெஞ்சும் ஜெர்மனும் சேர்த்துப் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தரவரிசையைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள் என்று பலரும் சொன்னீர்கள்.

அவ்வாறே வரிவரியாகப் படித்ததில், ஜெர்மனை அடிப்படையிலிருந்து தொடங்கும் என்னைப் போன்றவர்களை, ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் நிலைகளில் தொடக்க நிலையான ஏ1இலிருந்து ஐந்தாம் நிலையான சி1 வரை கொண்டுசெல்வதாக ஒரு பல்கலைக்கழகம் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தது. தரவரிசையில் முந்தியிருந்த மற்றொன்றோ அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. வெளிநாட்டில் படிக்கும் ஆண்டை இரு நாடுகளுக்கும் பிரித்துக்கொள்ளவும் முதலாவதில் வழி உண்டு.

அங்கு மாதிரி வகுப்பொன்றில் அமர்ந்திருந்தபோது, ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நம் தமிழைப் போலவே இருக்கிறதே என்று மனம் பூரித்துப்போனது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே சம்மதம் தெரிவித்துவிட்டேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.