மனுஷ பயம் உங்களை விட்டுப்போன நேரம் எது? அனுபவத்தைப் பகிருங்கள்

அத்திமரம்:
வேத வாசிப்புக்கு வரவேண்டியவர் அன்றைக்கு வரவில்லை, என்னைக் கைகாட்டிவிட்டார்கள். கூட்டத்துக்கு முன் நிற்பது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சங்கீதம் 56. பைபிள் தாள் எவ்வளவு மெல்லியது என்று தெரியும்தானே, என் கை நடுக்கத்தில் அது சலசலக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. சபை முழுக்கக் கேட்டது! அந்தச் சத்தத்தோடுதான் மூன்றாம் வசனத்தை வாசித்தேன்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." காத் ஊரில் பெலிஸ்தரிடம் பிடிபட்ட தாவீது பாடியது. பயமாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வசனத்திலேயே "நான் பயப்படேன்" என்கிறார். அப்படியும் ஒரு மனுஷன் இருக்கலாம் போல என்று தோன்றியது. முழுச் சங்கீதத்தையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன். நடுக்கம் மட்டும் கடைசிவரை நிற்கவே இல்லை. அது சாட்சியில் சேருமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கணக்கன்:
அத்திமரம் சிஸ்டர், வருத்தப்படாதீர்கள், ஆனால் அது மேடை நடுக்கம். மனுஷனுக்குப் பயப்படும் பயம் வருவிக்கும் என்று நீதிமொழிகள் 29:25 சொல்கிற கண்ணி வேறு. சவுலைப் பாருங்கள். அத்தனை பெரிய ராஜா, தீர்க்கதரிசி சாமுவேலிடம் "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்" என்கிறான். மைக் முன்னால் அவன் நடுங்கியிருக்கவே மாட்டான்.

எனக்கு நடந்தது இது. இருப்பில் இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும் அறிக்கை, அதில் என் கையெழுத்து வேண்டும். மேலதிகாரி அதட்டவில்லை. பேனா மூடியைக் கழற்றி, என் விரல்களுக்கு நடுவில் அவரே வைத்தார், பிள்ளைக்கு எழுதப் பழக்குவது மாதிரி. "கர்த்தர் என் பட்சத்தில் இருக்கிறார், மனுஷன் எனக்கு என்ன செய்வான்" என்று மனதுக்குள் ஓடியது. முடியாது சார் என்றேன். மனுஷன் என்ன செய்தார் என்றால், அடுத்த வாரமே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார். சங்கீதக்காரன் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு, நிறையச் செய்வார்கள். அதற்கு அப்பால் போக முடியாது, அவ்வளவுதான்.

ஜெபவீரன்:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஞானஸ்நானம் எடுத்தபோது சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன், ஜெபித்தேன், பயம் போய்விட்டது. என் சாட்சி அவ்வளவே. ஆனால் மேலே எழுதியிருக்கிற இருவருக்கும் சில காரியங்கள் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, அதிகாலை ஜெபம். எழுந்தவுடன் போனைத் தொடாதீர்கள். இரண்டாவது, எரேமியா 1:8, ஏசாயா 41:10, 2 தீமோத்தேயு 1:7, எபிரெயர் 13:6 இவற்றை மனப்பாடம் செய்து சத்தமாக அறிக்கையிடுங்கள், மனதுக்குள் சொன்னால் போதாது. அப்புறம் வாரத்தில் ஒரு நாள் உபவாசம். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, எனவே நடுக்கம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று நிதானித்து அறியுங்கள். பயத்துக்கு மாத்திரை, கவுன்சலிங் என்று போகிறவர்களைப் பார்க்கிறேன். விசுவாசக் குறைவுதான். உங்கள் போதகரிடம் சொல்லி எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். தொடர் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள்.

ஆரோனின் தம்பி:
ஜெபவீரன் ஐயா, 1 கொரிந்தியர் 2:3 வாசியுங்கள். "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" கொரிந்துக்கு வந்தேன் என்று பவுலே எழுதுகிறார். அவருக்கு விசுவாசக் குறைவா? கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, கொன்றுபோடுவேன் என்ற ராணி யேசபேலின் ஒரு வார்த்தைக்கு ஓடிப்போய் சூரைச்செடியின் கீழ் படுத்தார். தேவதூதன் அவரைத் திட்டினானா? சாப்பாடு கொடுத்து மறுபடி தூங்கவிட்டான்.

எனக்குத் திக்குவாய். நேர்முகத் தேர்வில் நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டபோது எதிரே இருந்தவர் வாக்கியத்தை முடித்துவைத்தார், அதுவும் தப்பாக. எப்போதும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அன்றைக்கு, "நானே சொ... சொல்லி முடிக்கிறேன்" என்றேன். அறை அமைதியானது, முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஜெபம் பண்ணிக்கொண்டுதான் போனேன். அதற்கு முன்பு பல மாதம் கவுன்சலிங்கும் போனேன், பயப்படும் இடங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக நுழையப் பழக்கினார்கள். மோசேக்கும் திக்குகிற வாய், மந்த நாவு; அது சரியானதாக யாத்திராகமத்தில் எங்கும் இல்லை. அவருக்காகப் பேச அண்ணன் ஆரோனைத் தேவன் கூட அனுப்பினார்.

கடைசி வரிசை:
நீங்கள் எல்லாரும் வெளியாட்களைச் சொல்கிறீர்கள். நான் பயந்தது விசுவாசிகளுக்கு. சபையில் ஒரு அக்காவை எல்லாரும் ஒதுக்கியிருந்தார்கள், காரணம் இங்கே வேண்டாம். அவர் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நான் போய் நின்றதும் பக்கத்து இடத்திலிருந்து பையை எடுக்காமல் என்னையே பார்த்தார். தவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். மூப்பர்கள் கண்ணெல்லாம் என் முதுகில். "அக்கா, பையைக் கொஞ்சம் எடுங்க" என்றேன். அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு எழுந்து போனது சபையாருக்குப் பயந்துதானே (கலாத்தியர் 2:12)? அதுவும் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே எல்லாம் முடிந்த பிறகு. இதைப் பற்றி மட்டும் யாரும் பிரசங்கிப்பதில்லை.

ஜெபவீரன்:
ஆரோனின் தம்பி, நான் வேதத்தைத்தான் சொன்னேன். ஒதுக்கிவைப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது, 1 கொரிந்தியர் 5 பாருங்கள். பெரியவர்களை நியாயந்தீர்க்கக் கூடாது.

அத்திமரம்:
ஐயா, நான் ஆலோசனை கேட்கவே இல்லை :) அதிகாலை ஜெபம் எங்கள் வீட்டிலும் உண்டு. கணக்கரே, மேடை நடுக்கம் என்று நீங்கள் சொன்னதை ஏற்க மாட்டேன். எனக்கும் அங்கே இருந்தது மனுஷ முகங்கள்தான். அது இருக்கட்டும், அந்த அறிக்கையில் கடைசியில் யார் கையெழுத்துப் போட்டார்கள்?

கணக்கன்:
என் இடத்துக்கு வந்தவர். சின்னப் பையன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். எனக்காக ஜெபித்தேனே தவிர, அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது இப்படி அடுத்தவரை எச்சரித்திருந்தால் எழுதுங்கள், என்ன சொன்னீர்கள் என்று தெரிய வேண்டும்.