கற்றல் குறைபாடுள்ள மாணவருக்கு எவ்வாறு உதவுவது?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை):
வணக்கம். என் வகுப்பு மாணவர் ஒருவர் அறிவியல் வினாக்களுக்கு வாய்மொழியாகத் தெளிவாக விடை கூறுகிறார். எழுதும்போது மட்டும் எழுத்துகள் விடுபட்டும் இடம் மாறியும் வருகின்றன. சோம்பலே காரணம் என்று பெற்றோர் கண்டிக்கிறார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வருவதற்குள் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் (சிறப்பாசிரியர்):
வணக்கம் அம்மா. இது டிஸ்லெக்சியாவாக (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம். எனினும் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்த பிறகே உளவியல் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் ஒன்று என்பதைப் பெற்றோருக்கு விளக்குங்கள் (1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இடமே இருக்கவில்லை). உரிய சான்றிதழ் கிடைத்தால், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களையும் அணுகுங்கள்.

பதில் (ஒரு தாய்):
டீச்சர், சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைத்து, குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அனைவர் முன்னிலையிலும் அவரை உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். என் மகனைப் பள்ளியை வெறுக்கச் செய்தது அதுதான்.

பதில் (தமிழாசிரியர்):
பிறர் எழுத, விடையை வரிசையாகச் சொல்வதற்கும் தனிப் பயிற்சி தேவை. ஆகவே சலுகை உறுதியானதும், காலாண்டுத் தேர்விலிருந்தே அம்முறையில் அவரை எழுத வையுங்கள்.